டிராகோலிச்: இடம் மாறிய முற்றுப்புள்ளியில் பிறந்த அரக்கன்

மேற்கத்தியக் கதைகளில் வரும் டிராகன்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் கடைசியில் செத்துப் போகின்றன. பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் புதையல் காக்கும் டிராகன் நாயகனைக் கொன்றுவிட்டுத் தானும் சாகிறது. வடதேசக் கதைகளில் பொன்னாசையால் டிராகனாகவே மாறிப்போன ஃபாஃப்னிர், சிகுர்டின் வாளுக்கு இரையாகிறான். 1937-இல் டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நாவலின் ஸ்மாக், நெஞ்சில் பாய்ந்த ஓர் அம்பில் விழுகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. தான் குவித்து வைத்ததன் மேல் படுத்துக் கிடந்த மிருகம், அதை விட்டுவிட்டுப் போகிறது.

போக மாட்டேன் என்று ஒரு டிராகன் பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு 1986-இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் கிடைத்த விடைதான் டிராகோலிச். செத்த பிறகும் சாகாமல், எலும்பும் அறிவும் ஆசையும் மட்டும் மிஞ்சியிருக்கும் டிராகன் அது. விளையாட்டுச் சமாசாரம் இலக்கியப் பக்கத்தில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்த அரக்கனின் பிறப்புக் கதையில் இருப்பது ஒரு பாடபேதச் சிக்கல். அதனால் நமக்கும் இதில் பங்கு உண்டு.

பகடையும் கதையும்

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. பரமபதம் போலவோ சதுரங்கம் போலவோ ஒரு பலகைக்குள் அடங்குகிற ஆட்டமல்ல. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் அந்தக் கிழவனிடம் பேசிப் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். முயற்சி பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கிறது. வில்லுப்பாட்டையும் தாயக்கட்டத்தையும் ஒரே மேசையில் வைத்தது போல என்று சொன்னால் ஓரளவுக்குப் பொருந்தும்.

1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டைக் குறித்துப் பெரிய பீதி கிளம்பியது. பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுத்துச் செல்கிறது என்று பெற்றோர்கள் சிலர் இயக்கமே நடத்தினார்கள். அந்தப் பயம் நாளடைவில் அடங்கிப் போனது. இன்று புலம்பெயர்ந்த நம் வீடுகளிலும் பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள். அறைக்குள்ளிருந்து 'டிராகோலிச்' என்று யாராவது கத்துவது கேட்டால் அது என்னவென்று தெரிந்திருப்பது நல்லதுதானே!

இந்த அரக்கனைப் படைத்தவர் எட் கிரீன்வுட். கனடாக்காரர். டொராண்டோவின் டான் மில்ஸ் பகுதியில் வளர்ந்தவர். நம்மவர்கள் அடர்ந்து வாழும் ஸ்கார்பரோவுக்கு அடுத்தாற்போல் இருக்கிற இடம். நூலகத்தில் வேலை பார்த்தவர். சிறு பையனாக இருந்தபோதே 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்', அதாவது மறக்கப்பட்ட நாடுகள் என்ற கற்பனை உலகத்தைத் தனக்காக எழுதத் தொடங்கிவிட்டார். அந்த உலகம் 1987-இல் விளையாட்டின் அதிகாரபூர்வக் களமாக வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 'டிராகன்' பத்திரிகையின் 110-ஆம் இதழில், டிராகன்களைத் தொழும் ஒரு இரகசியக் கூட்டத்தைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார். டிராகோலிச் முதலில் நடமாடியது அந்தப் பக்கங்களில்தான்.

சொல்லின் வேர்

பெயரின் முதல் பாதி டிராகன். பின் பாதியான 'லிச்' பழைய ஆங்கிலச் சொல். பொருள், பிணம். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு 'லைஹெ' என்ற சொல் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே வேர். இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களின் வாசலில் கூரை போட்ட ஒரு நுழைவாயிலைப் பார்க்கலாம். அதற்கு 'லிச்கேட்' என்று பெயர். சவப்பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் பாதிரியார் வரும்வரை நின்று காத்திருக்கும் இடம்.

பிணம் என்று மட்டுமே பொருள் தந்த இந்தச் சொல்லுக்கு, மந்திரத்தால் சாவைத் தள்ளிப்போட்ட சூனியக்காரன் என்ற தனிப்பொருளைப் பரப்பியது இந்த விளையாட்டுதான். 1975-இல் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில் லிச் ஓர் அரக்க வகையாக இடம் பெற்றது. கிரீன்வுட் பதினோரு ஆண்டுகள் கழித்து அந்தச் சூனியக்காரனையும் டிராகனையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? யாளி என்று சொல்ல முடியாது. யாளி கோயில் தூணில் நிற்பது, புதையல் மேல் படுப்பதில்லை. வேதாளம் ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் வேதாளம் பிறர் பிணத்தில் குடியேறுவது. டிராகோலிச் குடியிருப்பது பெரும்பாலும் தன் சொந்தப் பிணத்தில். ஆகவே டிராகோலிச் என்றே வைத்துக்கொள்வோம்.

கல்லுக்குள் உயிர்

ஒரு டிராகன் டிராகோலிச் ஆவது எப்படி? விதிநூல்கள் பதிப்புக்குப் பதிப்பு சில்லறை விவரங்களில் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். டிராகனும் அதன் பக்தர்களான சூனியக்காரர்களும் சேர்ந்து ஒரு சடங்கு செய்கிறார்கள். விலையுயர்ந்த ஒரு மணிக்கல்லைத் தயார் செய்கிறார்கள். பிறகு விஷக் கஷாயம் ஒன்றைக் காய்ச்சுகிறார்கள். டிராகன் அதைத் தெரிந்தே குடித்துச் சாகிறது. உடலை விட்டு வெளியேறும் உயிர் அந்தக் கல்லுக்குள் போய் அடைகிறது. பின்னர் அங்கிருந்து கிளம்பி, அருகில் கிடக்கும் டிராகன் உடலுக்குள் புகுந்து எழுந்து நிற்கிறது. பழைய பதிப்புகளில் இதுவும் நிச்சயமில்லை. பகடை கைவிட்டால் விஷம் விஷமாகவே வேலை செய்துவிடும். சாகாவரம் கேட்டுப் போன டிராகன் வெறும் பிணமாகக் கிடக்கும்.

உயிர் ஓரிடம், உடல் ஓரிடம் என்ற இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1868-இல் மேரி ஃப்ரியர் தம் இந்திய ஆயா அன்னா லிபரட்டா டி சூசாவிடம் கேட்டு வெளியிட்ட தக்காணத்துக் கதைகளில் பஞ்ச்கின் என்ற மந்திரவாதி வருகிறான். அவன் உயிரும் பச்சைக் கிளிக்குள்தான் இருக்கிறது. கிளியின் இறக்கையைப் பிய்த்தால் அவன் கை விழுகிறது. ரஷ்யக் கதையில் வரும் கோஷ்செயின் சாவு ஓர் ஊசி முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர் 'தி கோல்டன் பவ்' நூலில் இத்தகைய கதைகளையெல்லாம் 'புறத்தே வைத்த உயிர்' என்ற தலைப்பின்கீழ் திரட்டியிருக்கிறார். பஞ்ச்கினும் அதில் உண்டு.

ஆக, டிராகோலிச்சின் மணிக்கல் நம் கிளியின் ஒன்றுவிட்ட தம்பி. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். பாட்டி கதையின் மந்திரவாதிக்கு உயிர் வெளியே இருந்தாலும் உடல் சாதாரண உடல்தான். அவன் சோறு தின்கிறான், தூங்குகிறான், ராஜகுமாரி மேல் ஆசைப்படுகிறான். டிராகோலிச்சுக்கு உடல் அழுகிப் போய்விட்டது. ஆசை மட்டும் அழுகவில்லை.

கணக்கில் தெரியாத வித்தியாசம்

ஆட்டமேசையில் இதன் பலம் என்ன? 2014-இல் வந்த அரக்கர் கையேட்டில் மாதிரிக்காக ஒரு நீல டிராகோலிச்சைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டில் ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு சவால் எண் உண்டு. முழுவளர்ச்சி பெற்ற, உயிருள்ள நீல டிராகனின் சவால் எண் 16. டிராகோலிச் ஆன பிறகு 17. உயிர்ப் புள்ளிகள் இரண்டுக்குமே 225. உயிரோடு இருந்தபோது வாயிலிருந்து மின்னலைக் கக்கியது போலவே செத்த பிறகும் கக்குகிறது. விஷம் ஏறாது, பயம் கிடையாது, களைப்புக் கிடையாது, யாரும் மயக்கி வசப்படுத்த முடியாது, மந்திரங்களை எதிர்த்து நிற்கும் வலு கூடுகிறது. இவ்வளவும் சேர்ந்து ஒரே ஒரு எண்தான் ஏறியிருக்கிறது.

அப்படியானால் இது சற்றே முரட்டு டிராகன், அவ்வளவுதானா? முதல் முறை ஆடுகிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். மூன்று மணி நேரம் பகடை உருட்டி, எலும்புக் கூட்டை நொறுக்கி, மூச்சு விடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து அதே குரல் வேறோர் எலும்புக் கூட்டிலிருந்து அவர்கள் பெயரைச் சொல்லி அழைக்கிறது. கல் உடையாத வரையில் உடலைச் சிதைப்பதால் பயனில்லை. உயிர் கல்லுக்குத் திரும்பிவிடும். வேறொரு டிராகன் பிணம் வாய்த்தால் அதில் ஏறிக்கொள்ளும்.

ஆகவே இதோடு நடக்கும் உண்மையான போர் வாளால் நடப்பதில்லை. கல் எங்கே? யாரிடம்? சடங்கு நடந்தபோது யார் யார் அருகில் இருந்தார்கள்? மணிக்கல்லை விற்ற வணிகன் யார்? பழைய கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் தேடிப் படிக்க வேண்டும். சாட்சிகளைக் கண்டுபிடித்துப் பேசவைக்க வேண்டும். நல்ல கதைநடத்துநர் கையில் டிராகோலிச் ஒரு துப்பறியும் கதையாக மாறுகிறது. பலம் உள்ளவன் எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடக் கற்றுக்கொள்வது பிள்ளைகளுக்குக் கெட்ட பயிற்சி என்று சொல்ல முடியாது.

எழுப்பப்பட்டதும் எழுந்ததும்

செத்த டிராகனை எழுப்பும் கற்பனை இந்த விளையாட்டோடு நிற்கவில்லை. 'வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டின் 2003-ஆம் ஆண்டுத் தொடர்ச்சியில், சபைரன் என்ற நீல டிராகனை ஆர்த்தஸ் கொன்று, தன் படையில் ஒரு பிணமிருகமாக எழுப்புகிறான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரை 2017-இல் பார்த்தவர்கள் விசேரியன் என்ற டிராகன் ஈட்டியால் விழுந்து, ஏரிக்குள் மூழ்கி, பின் சங்கிலிகளால் இழுக்கப்பட்டு நீலக் கண்களைத் திறந்த காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் டிராகோலிச் எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பது விளங்கும். விசேரியன் எழுப்பப்பட்டது, அதைக் கேட்டு யாரும் செய்யவில்லை. அது அடிமை. நாம் அதற்காக இரக்கப்படலாம். டிராகோலிச் தானாக எழுந்தது. கஷாயத்தை அதன் வாயில் யாரும் ஊற்றவில்லை. என்ன நடக்கும் என்று விளக்கிச் சொன்னார்கள், யோசித்தது, குடித்தது. கிரீன்வுட்டின் படைப்பில் பயங்கரமான பகுதி எலும்பல்ல, இந்தச் சம்மதம்தான்.

ஆயிரம் ஆண்டு வாழக்கூடிய, மனிதர்களை எறும்பாக மதிக்கும் ஒரு பிராணி, மனிதர் நீட்டிய விஷக் கோப்பையை ஏன் வாங்கியது? மரண பயம் ஒரு காரணம். புதையலை விட்டுப் பிரிய மனமில்லாதது இன்னொன்று. ஆனால் கேட்க வந்தவர்கள் அவ்வளவு உறுதியோடு வந்ததற்கு ஒரு சாத்திரம் இருந்தது. அந்தச் சாத்திரத்தில்தான் நம் பாடபேதம் ஒளிந்திருக்கிறது.

ஒரு புள்ளியின் இடம்

மறக்கப்பட்ட நாடுகளின் வரலாற்றுப்படி, டிராகன் வழிபாட்டுக் கூட்டத்தை நிறுவியவன் சம்மாஸ்டர் என்ற பெரும் மந்திரவாதி. ஒரு காலத்தில் மந்திர தேவதை மிஸ்ட்ராவின் அருளைப் பெற்றவன். அலஸ்ட்ரியல் என்ற பெண்ணின் மேல் கொண்ட காதல் முறிந்தது, கர்வம் புண்பட்டது, புத்தி பேதலித்தது. அந்த நிலையில் மக்ளாஸ் என்ற பழைய தீர்க்கதரிசியின் ஏடுகள் அவன் கைக்குக் கிடைத்தன. வழக்கொழிந்த ஒரு மொழியில் எழுதப்பட்டவை. அவன் உட்கார்ந்து மொழிபெயர்த்தான்.

ஏட்டில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. அரியணைகள் பாழாகி ஆளில்லாமல் கிடக்கும் என்பது முதலாவது. டிராகன்கள் உலகை ஆளும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவில் இறந்தவர் என்ற பொருள்தரும் சொல் நிற்கிறது. அதற்கு முன்னால் ஓர் இடைச்சொல். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருவது 'பட்'. இந்தச் சின்னச் சொல்லுக்கு 'ஆனால்' என்றும் பொருள் உண்டு, 'தவிர' என்றும் பொருள் உண்டு.

முற்றுப்புள்ளியை இந்த இரு சொற்களுக்கும் பின்னால் வைத்தால், அரியணைகளில் செத்தவர்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள் என்று முதல் வாக்கியம் முடிகிறது. அடுத்த வாக்கியத்தில் டிராகன்கள் ஆளும், வெறும் டிராகன்கள். முற்றுப்புள்ளியை இவற்றுக்கு முன்னால் வைத்தால், ஆள யாருமில்லை என்று முதல் வாக்கியம் முடிந்துவிடுகிறது. 'தவிர' என்பது 'ஆனால்' ஆகிறது. இறந்தவர் என்பது அடுத்த வாக்கியத்துக்குத் தாவி டிராகனுக்கு அடைமொழியாகிவிடுகிறது. ஆளப் போவது செத்த டிராகன்கள்!

சம்மாஸ்டர் இரண்டாவது இடத்தில் புள்ளி வைத்தான். செத்த டிராகன்கள் ஆளப்போவது விதி என்றால், டிராகன்களைச் சாகடித்து எழுப்புவது புண்ணிய காரியம் அல்லவா? அவன் வழிமுறைகளைத் தனி நூலாகவே எழுதி வைத்தான். அவன் சீடர்கள் தலைமுறை தலைமுறையாகக் குகை குகையாக ஏறிப் போனார்கள். கடைசியில் சம்மாஸ்டர் தானும் லிச் ஆனான்.

ஓலைச்சுவடிகளோடு பழகிய மரபில் வந்தவர்களுக்கு இது வெறும் கட்டுக்கதையாகப் படாது. ஏடுகளில் முற்றுப்புள்ளியும் கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது, ஓலை கிழிந்துவிடும். எங்கே பிரிப்பது என்பது படிக்கிறவர் பொறுப்பு. பிரிக்காமல் படித்தால் தாமரை ஒரு பூ. பிரித்தால் தாவுகின்ற மரை என்னும் மான். இப்படி இரண்டுக்கும் இடம் தருவதைப் பொதுமொழி என்று நம் இலக்கணம் பெயரிட்டே வைத்திருக்கிறது. உரையாசிரியர்கள் ஒருவர் பிரித்ததை இன்னொருவர் மறுத்து நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். நம்மிடம் அதனால் பிறந்தவை உரைகள். சம்மாஸ்டரிடம் பிறந்தவை பிணங்கள்.

திருத்திய பாடம்

கதை இத்தோடு முடிந்திருந்தால், இலக்கணம் கற்காமல் மொழிபெயர்க்காதே என்ற நீதியோடு எழுந்து போகலாம். 2014-இல் வெளியான 'ஹோர்ட் ஆஃப் த டிராகன் குவீன்' என்ற சாகச நூல் அதற்கு இடம் தரவில்லை. அதில் செவரின் என்ற புதிய தலைவன் வருகிறான். சம்மாஸ்டரின் வாசிப்பு பிழை என்கிறான். தீர்க்கதரிசனம் சொன்னது செத்த டிராகன்களை அல்ல, உயிருள்ளவற்றை என்கிறான். கூட்டமும் மெல்ல அவன் பக்கம் சாய்கிறது. அது சரி, பாடம் திருந்திவிட்டது, இனி உலகுக்கு நிம்மதி என்று நினைத்தால், அந்தத் திருத்திய பாடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்யக் கிளம்பும் வேலை இன்னும் மோசமானது. ஐந்து தலை டிராகன் தெய்வமான தியாமத்தை நரகத்திலிருந்து விடுவித்துப் பூமிக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதற்காக ஊர் ஊராய்க் கொள்ளையடித்துப் பொன் சேர்க்கிறார்கள்.

புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பியது. கொடுமை குறையவில்லை. அப்படியானால் கொடுமை புள்ளியில் இருந்ததில்லை. பாழான அரியணை என்றதும் அழுகிறவர்களும் உண்டு, அதில் யாரை உட்கார வைக்கலாம் என்று பார்க்கிறவர்களும் உண்டு. சம்மாஸ்டரும் செவரினும் இரண்டாவது ரகம். ஏட்டில் எது எழுதியிருந்தாலும் அதில் தங்கள் ஆசைக்கு ஓர் உத்தரவு கிடைத்திருக்கும். பிழையான வாசிப்பைத் திருத்தப் புலவர் போதும். வாசிக்கும் முன்பே முடிவு செய்துவிட்டு வருகிறவரைத் திருத்த எந்தப் புலவரால் முடியும்? புனித நூல்களின் பெயரால் உலகெங்கும் நடந்தவற்றை நினைத்துப் பார்த்தால், ஒரு நூலகர் விளையாட்டுப் பத்திரிகையில் விதைத்த இந்தக் கதை அவ்வளவு விளையாட்டாகத் தோன்றவில்லை.

டிராகனுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்பதையும் பார்த்துவிடலாம். புதையல் இருக்கிறது. அதன் மேல் படுத்தால் பொன்னின் குளிர்ச்சியை உணரத் தோல் இல்லை. ஆட்சி வரும் என்றார்கள். அதைச் சொன்னவர்களின் வாரிசுகளே இப்போது பாடம் மாறிவிட்டது என்கிறார்கள். பழைய பாடத்தை நம்பி விஷத்தைக் குடித்தவை குடித்தவைதான்; அவற்றுக்குத் திரும்பி வர வழியில்லை. இருட்டுக் குகையில், யார் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்த ஒரு கல்லைக் காத்துக்கொண்டு, இன்னும் எத்தனையோ ஆண்டுகள் அவை விழித்திருக்க வேண்டும். ஸ்மாக்கின் நெஞ்சில் பாய்ந்த அம்பு அந்த வகையில் கருணை மிக்கது.